வாரண்ட் ஆபீசரும் ஹெலிகாப்டரும்

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறும் பாதையில், மலைச் சரிவில் அமைந்த சிற்றூர் அடுக்கம். மழைக்காலத்தில் மண் சரிந்து அப்பாதை அடைபடுவதுண்டு. அத்தகைய ஊரில் வாழ்வோருக்கு, சாலையும் வேண்டாது ஓடுதளமும் வேண்டாது இறங்கவல்ல ஹெலிகாப்டரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோர் சிக்கிக்கொண்டபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணிக்கு அனுப்பப்பட்டன. அச்செய்தியைக் கேட்ட மலைநாட்டு மாணவன் ஒருவன், ‘நானும் இதை ஓட்டவேண்டும்’ என்று ஆசைப்படுவது இயல்பே. வழி யாதென்று பெரியவர்களைக் கேட்டால், “முதலில் பட்டாளத்தில் எதிலாவது சேர்ந்துவிடு தம்பி; பிறகு பிரிவு மாறிக்கொள்ளலாம்” என்பார்கள். இந்த அறிவுரையில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

இந்த அறிவுரைக்கு முழுப் பொருத்தமான நாடு ஒன்று உண்டு, அது அமெரிக்கா. அந்நாட்டுத் தரைப்படையில் ஹெலிகாப்டர் விமானிகளுள் பெரும்பாலோர் வாரண்ட் ஆபீசர்கள். சிப்பாய்க்கு மேலும் கமிஷன் பெற்ற அதிகாரிக்குக் கீழும் அமைந்த பதவி அது. பள்ளி இறுதித் தேர்ச்சி இருந்தாலே விண்ணப்பிக்கலாம்; பட்டம் கட்டாயமன்று. கடற்படையிலோ விமானப்படையிலோ பணிபுரியும் ஒருவர்கூட, தம் படையின் விடுவிப்பு இசைவு பெற்று, தேர்வுகளில் வென்று, அலபாமா மாநிலத்து ரக்கர் கோட்டையிலுள்ள பள்ளியில் சேர்ந்து விமானியாகலாம். ஆயின் பயிற்சி முடிந்தபின் பத்தாண்டுகள் பணிபுரிவதாக உறுதியளிக்க வேண்டும். குடியுரிமையும் கட்டாயம், ஆகவே அந்நாட்டிலேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அன்றி, நம்மூர் மாணவனுக்கு இவ்வழி பயன்படாது.

அமெரிக்கர் ஏன் இத்தகைய பதவியை வைத்தனர்? விடை, ஹெலிகாப்டரின் இயல்பிலேயே இருக்கிறது. விமானியின் இடக்கைப்புறம் ஒரு நெம்புகோல் உண்டு. அதை உயர்த்தினால் மேல்விசிறியின் அலகுகள் யாவும் ஒருசேரச் சாய்வு மிகுந்து, காற்றைக் கூடுதலாகக் கீழே தள்ளும், பொறி மேலெழும். முழங்கால்களுக்கு நடுவிலுள்ள பிடிகோலை எப்பக்கம் சாய்க்கிறாரோ அப்பக்கம் அது நகரும். பாதங்களுக்கு அடியிலுள்ள இரு மிதிகளும் வால்விசிறியை ஆள்வன. அவ்விசிறி இல்லையேல், மேல்விசிறி ஒரு திசையில் சுழல, உடற்பகுதி எதிர்த்திசையில் சுழலத் தொடங்கிவிடும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் அக்கணமே திருத்தியாக வேண்டும். மிதிவண்டியைப் போல இதுவும் படித்து அறிவதன்று, உடம்பில் ஊறுவது.

மலையில் இத்தொல்லை இரட்டிப்பாகும். கோடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடுகிறது. விசிறிக்குப் பற்றிக்கொள்ளக் காற்றும் குறைவு; எஞ்சினுக்கும் வலிமை குறைவு. இதனாலேயே நம் தரைப்படை, பனிமலைகளுக்கென்று எடை குறைந்த ‘சீட்டா’ வகையை நெடுங்காலம் நம்பியிருந்தது. அதன் மூலவடிவமான பிரெஞ்சு ‘லாமா’, 1972இல் 12,442 மீட்டர் உயரம் எட்டியது!

இத்தகைய கைப்பழக்கம் ஆண்டுக்கணக்கில் பறந்தாலன்றி வாராது. கமிஷன் பெற்ற அதிகாரியோ பதவி உயர உயர மேசைப் பணிக்குச் செல்கிறார். வாரண்ட் ஆபீசரைப் பறப்பதற்கென்றே வைத்துக்கொண்டால், திறமை விமானத்திலேயே நிலைக்கும் என்பது அமெரிக்கர் கணக்கு. நல்ல கணக்குத்தான் என்பது என் கருத்து.

நம் நாட்டு முறை வேறு. இந்திய விமானப்படையில் வாரண்ட் ஆபீசர் என்னும் பதவி உண்டு. ஆனால் அவர் விமானி அல்லர். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகில் விழுந்ததை நாம் மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினால்வர் உயிரிழந்தனர். அதை ஓட்டிய விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌஹான், ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங் இருவரும் அதிகாரிகள். உடன் பறந்த குழுவினராகிய ராணா பிரதாப் தாஸ், பிரதீப் இருவரும் ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள். பொறியையும் ஆயுதத்தையும் கவனித்து அவர்களும் பறக்கிறார்கள். ஆபத்திலும் சம பங்கு கொள்கிறார்கள். பிடிகோல் மட்டும் அவர்கள் கையில் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் புக, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு கூறியது. கொடைக்கானல் மலையில் மேகம் எவ்வளவு விரைவில் கவிகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆகவே இந்தியாவில் பிடிகோலைப் பற்ற விரும்புகிறவர் அதிகாரியாகவே வேண்டும். அதிகாரியான பிறகு பிரிவு மாறுவதோ நம் தரைப்படைக்குப் புதிதன்று. சொல்லப்போனால் நம் படையில் பறக்கும் மரபே அப்படிப் பிறந்ததுதான். 1947 முதல், பீரங்கிப் படை அதிகாரிகளே சிறு விமானங்களில் ஏறி, குண்டு விழும் இடத்தை வானிலிருந்து கண்டு சொன்னார்கள். 1986 நவம்பர் 1 அன்றுதான் தரைப்படை விமானப் பிரிவு தனிப் பிரிவாயிற்று. இன்றும் பிற பிரிவுகளிலிருந்து அதிகாரிகள் விரும்பி வந்து, சோதனைகளில் தேறி, நாசிக்கிலுள்ள பள்ளியில் பயிற்சி பெறுகிறார்கள். காப்டன் அபிலாஷா பராக் 2018இல் வான்பாதுகாப்புப் பிரிவில் அதிகாரியானார்; 2022 மே மாதம் நாசிக்கில் பயிற்சி முடித்து, தரைப்படையின் முதல் பெண் போர் விமானியெனச் சின்னம் பெற்றார்.

சிப்பாயாகவோ விமானப்படை வீரராகவோ சேர்ந்தவருக்குக் கதவு அடைபட்டதா? இல்லை; ஆனால் அது நெடுவழி. முப்படை வீரர்களுக்கும் உரியது இராணுவ காடெட் கல்லூரி. 1929இல் நௌகாங்கில் கிச்சனர் கல்லூரியாகத் தொடங்கிய அது, 1977 முதல் டேராடூனில் நடைபெறுகிறது. குறைந்தது ஈராண்டுப் பணி முடித்து, தேர்வில் வென்றவர் மூன்றாண்டு அங்கே படித்து, ஓராண்டு இராணுவ அகாடமியில் பயின்று அதிகாரியாகிறார். விமானப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது அதற்கும் பிறகே. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் அதிகாரியாகும்போதே இருபத்து நான்கைத் தாண்டியிருப்பார். 2022இல் வந்த அக்னிவீர் திட்டத்திலோ பணிக்காலமே நான்கு ஆண்டுகள். அதன்பின் நிரந்தரமாக்கப்படுவோர் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படார் என்பது விதி. ‘சேர்ந்தபின் மாறிக்கொள்ளலாம்’ என்பவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கும், 2022 முதல் மாணவிக்கும், தேசியப் பாதுகாப்பு அகாடமி நேர்வழி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. விமானப்படை, கடற்படை ஆகியவற்றை விரும்புவோர் பௌதிகமும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இதைப் பதினோராம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே முடிவு செய்துவிடவேண்டும். விமானப்படையில் விமானிக்குரிய இயல்திறன் சோதனையை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் மறுவாய்ப்பு இல்லை. நிறங்களைப் பிரித்தறியும் கண்ணும் வேண்டும். நிறக்குருடு பலருக்கு இருப்பதே தெரியாது. விண்ணப்பிக்குமுன் அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டி வருவதற்குக் கொடைக்கானலுக்கோ பெரியகுளத்துக்கோ ஒரு பஸ் கட்டணமே செலவு.