வீட்டுக்குள் ஒரு சட்டாம்பிள்ளை

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் குழந்தைகளைப் படிப்பிப்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்று பல குடும்பங்கள் மேற்கொண்டிருக்கும் வழக்கம். ஒற்றைக் குழந்தையை உட்கார வைத்துப் பாடம் சொல்வது பொறுமை உள்ள எவருக்கும் சாத்தியம். ஆறு குழந்தைகளும் எட்டுக் குழந்தைகளும் உள்ள வீட்டில், ஒன்று எழுத்துக்கூட்ட, ஒன்று பின்னக் கணக்கில் திணற, ஒன்று இயற்கணிதத்துக்கு விளக்கம் கேட்டு நிற்க, கைக்குழந்தை தொட்டிலில் வீறிட, அடுப்பில் உலை கொதிக்க, இத்தனைக்கும் நடுவே ஒரு தாயோ தந்தையோ உபாத்தியாயராகவும் இருப்பது எங்ஙனம் என்பதே கேள்வி. இந்த இக்கட்டில் சிக்கியவர்கள் எல்லோரும், யாரும் சொல்லித் தராமலே, முதலில் கண்டடையும் உபாயம் ஒன்று உண்டு. மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பிக்கு நீ சொல்லிக்கொடு" என்பதுதான் அது.

நம்மவர்களுக்கு இந்த உபாயம் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவினை கிடையாது. மணலில் விரல் வைத்து அகரம் எழுதும் பாலகனும், ஓலையில் எண்சுவடி படிப்பவனும், நிகண்டு ஒப்பிக்கும் பெரிய பையனும் ஒரே கூரையின் கீழ் அவரவர் வேகத்தில் படித்தார்கள். இவ்வளவு பேரையும் ஒரே வாத்தியார் கட்டி மேய்க்க முடிந்தது என்றால், அதன் ரகசியம் சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெளியே போனால் பள்ளிக்கூடம் அவன் வசம். சிறுவர்கள் முறை சொல்வதைக் கேட்பவனும் அவனே. பிரம்பு அவன் கைக்கு வருவதும் உண்டு. அவனை நேசித்த மாணாக்கர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னப்பட்டணம் வந்து, 1789 முதல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஆசிரமத்தின் பொறுப்பை வகித்தார். ஒரு நாள் காலை குதிரைமேல் போய்க்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகும் காட்சி அவர் கண்ணில் பட்டது. உடனே தம் ஆசிரமத்திலும் அதைப் புகுத்த முனைந்தார். அங்கிருந்த சம்பள உபாத்தியாயர்களோ, மணலாவது எழுத்தாவது என்று ஒத்துழைக்க மறுத்தார்கள். பெல் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிப்பாய் மகனை அழைத்து, அகரவரிசை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தவர்கள் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டிவிட்டான். 1796-ல் தாயகம் திரும்பிய பெல், மறு வருஷம் இந்தப் பரிசோதனையைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட, அது "மதராஸ் முறை" என்ற பெயரில் ஆங்கில நாடெங்கும் பரவலாயிற்று. மணலில் எழுதுவதை நம்மவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குப் போதிக்கும் யோசனை மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பே என்றார். சட்டாம்பிள்ளைகளைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதை அப்படியே ஏற்றுக்கொள்வது சற்றுச் சிரமமாகத்தான் இருக்கிறது.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தி வந்தார். பெல்லின் பக்கம் திருச்சபை நின்றது. மதப் பிரிவினை வேண்டாம் என்ற சீர்திருத்தவாதிகள் லங்காஸ்டர் பக்கம் நின்றார்கள். அப்படி நின்றவர்களுள் ஜேம்ஸ் மில் ஒருவர். பாடசாலைகள் எல்லோருக்கும் உரியவை, திருச்சபையாருக்கு மட்டும் அல்ல என்று வாதாடி 1812-ல் அவர் ஒரு பிரசுரமே வெளியிட்டார். ஊருக்குப் பரிந்துரைத்த முறையை அவர் தம் வீட்டுக்குள்ளும் கைக்கொண்டார். அந்த வீட்டின் கதைதான் இக்கட்டுரைக்கு விஷயம்.

ஜேம்ஸ் மில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாக ஸ்காத்லாந்தில் பிறந்து, கல்வியால் உயர்ந்து, லண்டனில் பத்திரிகைகளுக்கு எழுதி ஜீவனம் செய்தவர். அவருக்குக் குழந்தைகள் 9 பேர். மூத்தவன் ஜான் ஸ்டூவர்ட் மில் பிறந்தது 1806-ல். கடைக்குட்டி பிறந்தபோது அவனுக்கு வயது 19. ஜனத்தொகை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் ஊருக்கு உபதேசித்த மனிதர், நிச்சயமான வருமானம் ஏதும் இல்லாத நிலையில் இவ்வளவு பெரிய குடும்பத்துக்குத் தலைவரானது அவர் கொள்கைக்கே முரண் என்பதை, தத்துவ ஞானியாகப் புகழ்பெற்ற அந்த மூத்த மகன் தம் சுயசரிதையில் தயங்காமல் குறித்திருக்கிறார்.

எவ்விதப் பள்ளிக்கும் அனுப்பாமல், ஜானுக்கு 3 வயதிலேயே கிரேக்க மொழி தொடங்கப்பட்டது. சொற்களும் அவற்றின் பொருளும் எழுதிய அட்டைகளே முதல் பாடப் புத்தகம். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அந்நாளில் இல்லை. லத்தீனில் கூறும் அகராதியைப் பார்க்கவோ அவனுக்கு இன்னும் லத்தீன் தெரியாது. ஆகவே தந்தை எழுதிக்கொண்டிருக்கும் அதே மேஜையின் ஓரத்தில் அவனும் உட்கார்ந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் அவரையே கேட்க வேண்டியிருந்தது. இயல்பில் பொறுமை என்பதே அறியாத அம்மனிதர், நிமிஷத்துக்கு நிமிஷம் குறுக்கிட்ட அக்கேள்விகளைச் சகித்துக்கொண்டே, பிரிட்டிஷ் இந்தியாவின் சரித்திரத்தைப் பெரும் சம்புடங்களாக எழுதி முடித்தார். இந்தியாவில் கால் வைக்காமலும் இந்திய மொழி ஒன்றேனும் அறியாமலும் நம் முன்னோரின் நாகரிகத்தை அதில் அவர் இழித்துரைத்தது பிரசித்தம். எழும்பூரில் வளர்ந்த ஒரு முறை தம் வீட்டுக் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்ததை அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்று நாம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இவ்வீட்டுக் கல்வியில் நாம் மெச்சத் தக்க அம்சமும் உண்டு. நியூவிங்டன் கிரீனில் குடியிருந்த வருஷங்களில், காலை ஆகாரத்துக்கு முன் தந்தையும் மகனும் ஹார்ன்ஸி பக்கமாகப் பசுமையான சந்துகளில் உலாவப் போவார்கள். முன்தினம் தான் வாசித்த சரித்திர நூலைப் பற்றிச் சிறு காகிதத் துண்டுகளில் குறித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து ஜான் தந்தைக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டே வருவான். இடையிடையே தந்தை அரசாங்கம், ஒழுக்கம், நாகரிகம் முதலியவற்றைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லி, அதையும் மகன் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்படி செய்வார். 1819-ல், மகனுக்கு 13 வயதானபோது, பொருளாதார சாஸ்திரம் முழுவதும் இவ்வாறே நடையிலேயே போதிக்கப்பட்டது. மறுநாள் மகன் எழுதிக் கொடுத்த குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு, 1821-ல் தந்தை அச்சாஸ்திரத்தைப் பற்றி ஒரு பாடநூலே வெளியிட்டார்.

ஆனால் தந்தைக்கு இருப்பது ஒரு நாள். பிள்ளைகளோ வருஷம் தோறும் பெருகினர். ஜானுக்கு 8 வயதானபோது லத்தீன் தொடங்கியது. எழும்பூர் ஃபிரிஸ்கனின் வயதும் அதுவே. தான் கற்கும் அன்றே அதைத் தங்கை வில்லிக்கு அவன் கற்பிக்க வேண்டும். அவள் பிறகு தந்தையிடம் ஒப்பிக்க வேண்டும். அடுத்தடுத்துத் தங்கைகளும் தம்பிகளும் அவனிடம் மாணாக்கராகச் சேர, அவனுடைய நாளில் கணிசமான பகுதி இவ்வுபாத்தியாய வேலைக்கே போயிற்று. இதோடு நின்றிருந்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தங்கை தவறு செய்தால், அத்தவறுக்கு அண்ணனும் உத்தரவாதி என்பது அவ்வீட்டுச் சட்டம்.

1817-ல் ஒரு கோடை நாள். மேற்கு இங்கிலாந்தில், பெந்தாம் என்ற பேரறிஞர் வாடகைக்கு எடுத்திருந்த ஃபோர்ட் ஆபி என்னும் பழைய மடத்தில் மில் குடும்பம் தங்கியிருக்கிறது. தையற்காரராகத் தொழில் தொடங்கிச் சீர்திருத்தவாதியான ஃபிரான்சிஸ் பிளேஸ் அங்கே விருந்தாளி. அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்நாள் அப்படியே பதிந்திருக்கிறது. காலையில் வில்லியும் மற்றொரு தங்கை கிளாராவும் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கவில்லை. மணி மூன்றாகியும் இருவரும் புத்தகத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணிக்கு மேலே சென்ற போஜனம் தொடப்படாமலே கீழே திரும்பி வந்துவிட்டது. அவர்களோடு உண்பவனான 11 வயது ஜானும் புத்தகமும் கையுமாக இருக்கிறான். தங்கைகளுக்குப் பாடம் வராதபோது வந்ததாகக் கணக்கில் விட்டுவிட்டது அவன் செய்த குற்றம். ஆறு மணி வரையில் மூவருக்கும் உணவு கிடையாது. இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு சொல்லில் நேர்ந்த பிழை. இதைவிடச் சிறந்த போதனா முறையைத் தாம் கண்டதில்லை என்று சொல்லும் பிளேஸ், அதே மூச்சில் மில்லின் கடுமை அளவு மீறியது என்றும் சொல்கிறார்.

அந்தச் சிறுவன் ஏன் தங்கைகளைத் தேற விட்டான்? அசிரத்தையாக இருக்கலாம், பசியாக இருக்கலாம், இரக்கமாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் காரணமென்றால், அவன் தண்டிக்கப்பட்டது அண்ணனாக நடந்துகொண்டதற்காக.

ஜான் மில் தம் முதிர்ந்த வயதில் இதைப் பற்றி அளித்த தீர்ப்பு, மூத்த பிள்ளையைக் கொண்டு இளையவருக்குப் பாடம் சொல்ல நினைக்கும் ஒவ்வொரு பெற்றோரும் கவனிக்க வேண்டியது. அவ்வேலை தமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்கிறார். கற்பித்ததால் தமக்கு அவ்விஷயங்கள் ஆழமாகவும் நீடித்தும் பதிந்தன என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் போதனை என்ற அளவில் அது மிகவும் பலவீனமானது என்றும், குழந்தைக்குக் குழந்தை குருவும் சீடனுமாக நிற்பது இருவருடைய சுபாவத்துக்கும் நல்லதன்று என்றும் தம் அநுபவத்தைச் சாட்சியாக வைக்கிறார். சட்டாம்பிள்ளையே சட்டாம்பிள்ளை முறைக்கு எதிராகச் சாட்சி சொன்னது வேறெங்கும் நான் கண்டதில்லை.

மில்லின் தீர்ப்பு சற்றே கடுமையானது என்பது என் அபிப்பிராயம். பத்து வயதுப் பெண் ஐந்து வயதுத் தம்பியை மடியில் வைத்துப் படக்கதை வாசித்துக் காட்டுவதும் போதனைதான். அதனால் எவர் சுபாவமும் கெட்டதாகத் தெரியவில்லை. அவ்வீட்டில் கெடுதல் விளைந்தது சொல்லிக்கொடுக்கச் சொன்னதால் அன்று, பிறர் பிழைக்குக் கணக்குக் கேட்டதால். மூத்தவன் கையில் புத்தகத்தைக் கொடுக்கலாம். மதிப்பெண் புத்தகத்தைக் கொடுக்கலாகாது.

அப்படியானால் பெரிய குடும்பத்துப் பாடத்தைச் சமாளிக்க வேறு வழி என்ன என்று கேட்டால், அதே ஜேம்ஸ் மில்லின் காலை உலாவே பாதி விடை என்பேன். பிற்காலத்தில் இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார் (1842–1923), வாசித்ததைக் குழந்தை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வதையே தம் கல்வி முறையின் முதுகெலும்பாக்கினார். 1886-ல் வீட்டுக் கல்வியைப் பற்றி நூல் எழுதிய அவர், 1891 முதல், வீட்டிலேயே பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்களுக்குத் தவணைதோறும் பாடத்திட்டமும் பரீட்சைத் தாளும் தபாலில் அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நடத்தினார். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிஷத்துக்கு மேல் போகலாகாது என்பது அவர் வைத்த எல்லை. இன்று வீட்டுப் பள்ளி நடத்தும் பெரிய குடும்பங்கள் பலவற்றின் அன்றாட வழக்கமும் இதை ஒட்டியதுதான்: சரித்திரம், கதை, பூகோளம், இயற்கை முதலியவற்றை எல்லோரும் கூடியிருக்க ஒரே தடவை உரக்க வாசித்துவிட்டு, ஐந்து வயதுக் குழந்தையை ஒரு வாக்கியமும், பதினைந்து வயதுப் பையனை ஒரு பக்கமும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு கதையை எல்லா வயதுக்கும் பொதுவில் வைக்கலாம். கணக்கும் எழுத்துக்கூட்டுதலும் அப்படிப் பொதுவில் நிற்பவை அல்ல. அவற்றுக்குத் தாயோ தந்தையோ ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கைக்குழந்தை உறங்கும் நேரமே அதற்கு நேரம் என்பதை எந்தத் தாயும் சொல்வாள்.

தாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒன்பது குழந்தைகளைப் பெற்று, அந்தச் சொற்ப வருமானத்தில் அவர்களை ஊட்டி வளர்த்த ஹாரியட் மில்லின் பெயர், அவர் மகன் எழுதிப் பிரசுரமான சுயசரிதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. கிரேக்கம் கற்ற மேஜைக்கு விளக்கேற்றி வைத்தவர் யார் என்று நாமாகத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அத்தங்கைகளும் தங்கள் பக்கத்துக் கதையை நூலாக எழுதி வைக்கவில்லை. ஒன்பது பேரில் உலகம் கேட்கப் பேசியவர் உபாத்தியாயர் ஒருவரே.

எனினும் வேறொருவருடைய நாட்குறிப்பில் அவர்களை மீண்டும் ஒருமுறை காண்கிறோம். 1840-ன் தொடக்கத்தில், தம்பி ஹென்றி க்ஷயரோகத்தால் மெலிந்து, கடற்காற்று வேண்டி இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள ஃபால்மத் என்ற துறைமுக ஊரில் ஒரு வாடகை வீட்டில் கிடக்கிறான். வயது 19. தாயும், கிளாராவும், இன்னொரு தங்கை ஹாரியட்டும் பல வாரங்களாகப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிறார்கள். மார்ச் மாதத்தில், அதற்குள் நாடறிந்த எழுத்தாளராகிவிட்ட ஜான் வந்து சேருகிறார். அவ்வூரில் அவர்களோடு நட்புக் கொண்டிருந்த ஃபாக்ஸ் குடும்பத்தின் மகள் கரோலின் அந்நாட்களைக் குறித்து வைத்திருக்கிறாள். ஏப்ரல் 4-ஆம் தேதி ஹென்றி இறந்துபோனான். அதற்கு முன், அண்ணன் ஊருக்கு வந்த புதிதில், ஒரு காலை வேளையில் அவரை ஃபாக்ஸ் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைத்தவள் கிளாரா.