பைக்கில் குட்டிக்கும் உண்டு ஒரு விதி!

அப்பா பைக் ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, நடுவில் ஒரு குட்டி... இந்தக் காட்சி இல்லாத தெரு ஏது? அந்தக் குட்டிக்கென்றே மத்திய அரசு தனி விதி போட்டிருப்பதுதான் பலருக்குத் தெரியாது.

2021 அக்டோபரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன் வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டது. 2022 பிப்ரவரியில் இறுதியாகி, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் அமலுக்கும் வந்துவிட்டது.

9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் போதும். 4 வயது வரை பாதுகாப்பு பெல்ட்டும் கட்டாயம். குழந்தைக்கு ஒரு மேல்சட்டை. அதில் தைத்த பட்டைகளை ஓட்டுபவர் ஸ்கூல் பேக் போலத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்க வேண்டும். போகிற வழியில் தூங்கிச் சரியும் குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால், அவ்வளவு சின்ன ஹெல்மெட் எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை, தெருவில் யார் சோதிப்பார்கள்? வரைவு வந்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. வரைவோ அரசிதழில் வந்தது; அதை எந்த வீட்டில் வாங்குகிறார்கள்?

இப்போது அரசிதழ் இணையத்திலேயே கிடைக்கிறது. வரைவு விதிகளுக்குக் கருத்து சொல்லப் பெரும்பாலும் 30 நாள் தருகிறார்கள். அனுப்பவேண்டிய முகவரி அதன் முதல் பக்கங்களிலேயே இருக்கும்.