அடுக்களை மிச்சமும் வீட்டுத் தோட்டமும்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் நன்செய் நிலங்கள் பெரும்பாலும் மனைகளாகி விட்டன. ஆயினும் முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் முதலிய இடங்களில் கொல்லைப்புறத்தில் ஒரு தென்னையும் முருங்கையும், நாலு கத்தரிச் செடியும் இல்லாத பழைய வீடுகள் குறைவே. நிலம் போயினும் பயிரிடும் ஆசை போகவில்லை.

முன்னாளில் வீட்டில் மாடு இருந்தது. அரிசி கழுவிய நீரும், வடித்த கஞ்சியும், காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குச் சென்றன. மாடு போனபின் அவை சாக்கடைக்கும் குப்பைத் தொட்டிக்கும் செல்கின்றன. சென்னையின் தென்பகுதிக் குப்பை பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியிலேயே பல்லாண்டுகள் கொட்டப்பட்டது. காற்றுப் புகாத குவியலில் ஈரக் கழிவு அழுகினால் எரியும் வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் அக்குவியல் தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததை இப்பகுதி மக்கள் மறந்திரார். அதே ஆண்டில்தான் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

வடித்த கஞ்சியின் உபயோகத்தை முதலில் கூறுவோம். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, இன்று வீட்டுத் தென்னைகளையும் விட்டு வைக்கவில்லை. இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி, தேன் போன்ற கழிவைக் கீழே சொரிகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தென்னை ஓலையும் அடியிலுள்ள வாழையும் கொய்யாவும் கரி பூசினாற்போல் ஆகின்றன. வெயில் படாத இலை உணவு தயாரிக்க இயலாது. இதனைக் கண்டு பலர் கடைக்கு ஓடிக் கொடிய விஷ மருந்தை வாங்கித் தெளிக்கின்றனர். அது தவறு. வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் அம்மருந்தால் மடிகிறது.

ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா மாவு என்ற அளவில் பசை காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டி, காலை வேளையில் இலையின் மேற்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். உப்பிடாத அரிசிக் கஞ்சியையும், தெளிப்பான் அடைபடாத அளவுக்கு நீர்க்கச் செய்து, இவ்வாறே பயன்படுத்தலாம். பசை வெயிலில் காய்ந்து உரியும்போது கரும்பூசணமும் உடன் உதிரும். இது பூச்சியைக் கொல்லும் மருந்தன்று என்பதை நினைவிற் கொள்க. பூச்சிக்கு, மஞ்சள் நிறத் தகட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுதலும், இலையின் அடிப்புறத்தில் நீரை விசையுடன் பீய்ச்சுதலும் துணை செய்யும். உயர்ந்த மரங்களுக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. ஊராட்சி மன்றம் விசைத் தெளிப்பான் ஒன்றை வாங்கி முறை வைத்துக் கொடுத்தால் தெரு முழுவதும் பயனடையும். ஒரு வீட்டார் மட்டும் செய்வதால் அடுத்த வீட்டுப் பூச்சி மீண்டும் வந்து சேரும்.

உப்பிடாத கஞ்சி என்று கூறியது அனுபவத்தினால்தான். நமது குடியிருப்புத் தோட்டத்தில் உப்பிட்ட கஞ்சியையும் ஊறுகாய்ப் பாத்திரம் அலம்பிய நீரையும் ஒரு கோடையில் தக்காளிக்கு ஊற்றி வந்தோம். இரண்டு வாரத்தில் இலை விளிம்புகள் கருகின. ஊருக்கு உபதேசம் செய்யும் அதிகாரியின் தோட்டமே வாடியதைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்ததும் நியாயமே.

புளித்த மோரைப் பத்துப் பங்கு நீரில் கலந்து தெளிக்கலாம். மோருடன் தேங்காய்ப்பால் சேர்த்து ஏழு நாள் புளிக்க வைத்த தேமோர்க் கரைசலையும் அதே விகிதத்தில் தெளித்தால் கத்தரி, மிளகாய்ச் செடிகளில் பூ உதிர்வது குறைகிறது என்பது உழவர்களின் அனுபவம். அவரையில் அசுவினி கண்டவுடன், பனி காயுமுன் விறகுச் சாம்பலைத் தூவுதல் பழைய வழக்கம். எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்கு எங்கே போவது? முட்டை ஓட்டைப் பற்றிப் பலர் பெரிதாகப் பேசுகின்றனர். அது மண்ணில் மிக மெதுவாகவே கரையும்; கிணற்று நீரே சுண்ணாம்பு மிகுந்ததாயின் அதனால் பெரும்பயன் இல்லை.

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைச் செடியின் அடியில் அப்படியே கொட்டினால் ஈயும் எலியுமே மிஞ்சும். அடியில் துளையிட்ட மண்தொட்டியில் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த சருகு என அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். சருகைத் தெருவில் கொளுத்துவதை ஊராட்சி உறுப்பினர்கள் தடுத்து, வேண்டியவர்களுக்கு அதைச் சேர்ப்பித்தால் தொட்டிகள் நாறாமல் இருக்கும்.

கரைசல் வைத்த பானைகளைத் துணியால் வாய் கட்டி வைக்கவும். கழுவிய பின் அவற்றைக் கவிழ்த்தே வைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் அவற்றில் தேங்கும் நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது.