யாரும் துரத்தாத ஒரு சைக்கிள் பயணம்

சைக்கிளில் நெடுந்தூரம் போவது எப்படி என்று வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் வெறுமையானபோது, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெருங்கி நின்றவை சைக்கிள்கள். கரியரில் அரிசி மூடை, பாரில் குழந்தை, ஹாண்டிலில் குடமும் லாம்பும். அடுத்த ஆண்டு கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும் அதே காட்சிதான். எரிபொருளுக்குத் தடை இருந்த ஆண்டுகளில் நோயாளியைச் சுமந்ததும் சைக்கிள், விறகைச் சுமந்ததும் சைக்கிள். 2008இலும் 2009இலும் மக்கள் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே தள்ளப்பட்டார்கள். ஈற்றில் முள்ளிவாய்க்கால் மணலில் அந்தச் சைக்கிள்களையும் விட்டுவிட்டு, வெறுங்கையோடு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குப் போனார்கள்.

இவை எல்லாமே கூட்டமாகச் சென்ற நெடும் பயணங்கள். ஆனால் நாம் அவற்றைப் பயணம் என்பதில்லை, இடப்பெயர்வு என்கிறோம். புறப்படும் நாளையும் போகும் திசையையும் தீர்மானித்தவர்கள் நாங்கள் அல்லர்.

இதே சைக்கிளில், இதேபோல் கூட்டமாக, ஆனால் யாரும் துரத்தாமல், ஒரு பெரிய நாட்டின் தென்முனையிலிருந்து வடக்குவரை போனவர்கள் உண்டு. அந்தக் கதையை நமது குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

கிணறு வெட்டிய மனிதர்

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் 1914இல் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர் பாபா ஆம்தே. படித்துச் சட்டத்தரணியானவர். தொழுநோயாளர் வீட்டாராலும் ஊராராலும் கைவிடப்படுவதைக் கண்டு, தொழிலை விட்டு அவர்களோடு வாழப் போனார். 1950ஆம் ஆண்டளவில் வரோராவுக்கு அருகே, கல்லும் பற்றையுமான ஒரு நிலத்தில் ‘ஆனந்தவனம்’ என்ற குடியிருப்பைத் தொடங்கினார். அப்போது அவரோடு இருந்தவர்கள் மனைவி சாதனாவும், இரண்டு சிறு பிள்ளைகளும், ஆறு தொழுநோயாளரும். கையில் 14 ரூபாயும், ஒரு நொண்டிப் பசுவும் இருந்தன. முதலில் வெட்டியது ஒரு கிணறு. பின்னர் அந்தத் தரிசு நிலம் வயலும் தோட்டமும் பட்டறைகளும் உள்ள ஊராயிற்று. பிச்சை மனிதனை அழிக்கும், உழைப்பு அவனைக் கட்டியெழுப்பும் என்பது அவருடைய கொள்கை. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற எமக்கு இதன் பொருள் விளங்கும்.

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை

1984இல் இந்தியா பெரிதும் காயப்பட்டது. யூன் மாதம் பஞ்சாபின் பொற்கோயிலுக்குள் இராணுவம் புகுந்தது. ஒக்ரோபர் 31இல் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து டெல்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர் படுகொலை செய்யப்பட்டனர். அயலவர் அயலவரைக் கண்டு அஞ்சிய காலம் அது.

1985 டிசம்பரில் பாபா ஆம்தே நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் யுவதிகளைக் கன்னியாகுமரியில் திரட்டினார். ‘பாரத் ஜோடோ’, அதாவது ‘பாரதத்தை இணைப்போம்’ என்பது அப்பயணத்தின் பெயர். அங்கிருந்து காஷ்மீர்வரை 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைச் சைக்கிளில் கடப்பது நோக்கம். அவருக்கோ எழுபது வயது கடந்துவிட்டது. முள்ளந்தண்டு நோயினால் உட்காரவே முடியாது. நிற்கலாம் அல்லது படுக்கலாம். எனவே வாகனமொன்றில் படுத்தபடியே அவர் கூடச் சென்றார். வழிநடத்துபவன் எல்லோரிலும் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1988இல் மீண்டும் ஒரு பயணம், இம்முறை கிழக்கே அருணாசலப் பிரதேசத்திலிருந்து மேற்கே குஜராத்தின் ஓகா துறைமுகம்வரை.

ஏன் சைக்கிள்? பஸ்ஸில் போகிறவன் ஊர்களைக் கடந்து போகிறான். சைக்கிளில் போகிறவன் தண்ணீருக்காக ஒரு வீட்டுப் படலையில் நிற்க வேண்டும், காற்றுப் போனால் ஒரு கடைக்காரரை நாட வேண்டும். பிறர் உதவி தேவைப்படுவதே உறவின் தொடக்கம். எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவரும் கூட வந்த அந்நியரை வீட்டுக்குள் அழைத்து, ஒரே பந்தியில் இருந்தபோதுதான் அவர் யாரென அறிந்தார்கள்.

ஒற்றுமையும் நீதியும்

சைக்கிள் ஓட்டி ஒரு நாட்டின் காயத்தை ஆற்றிவிட முடியாது. பஞ்சாபில் வன்செயல் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. மேலும், ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் பலருக்குச் சந்தேகம் எழுவது நியாயமே. காணியைத் தராமல் கைகுலுக்கச் சொல்வதும் ஒற்றுமை என்றே அழைக்கப்படுகிறது அல்லவா?

அதனால் பாபா ஆம்தே அடுத்துச் செய்ததையும் அறிய வேண்டும். 1990இல் அவர் தாம் கட்டியெழுப்பிய ஆனந்தவனத்தை விட்டு நர்மதை ஆற்றங்கரைக்குப் போய்க் குடியிருந்தார். சர்தார் சரோவர் அணையினால் நிலமிழக்கவிருந்த ஆதிவாசிகளோடும் கமக்காரரோடும் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். நாட்டை இணைக்கப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடம் இடம்பெயர்வோரின் பக்கம். நீதியில்லாத இணைப்பு நிலைக்காது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். 2008 பெப்ரவரியில் ஆனந்தவனத்தில் காலமானார்.

நாம் எங்கிருந்து தொடங்கலாம்?

வன்னியில் பழங்குடிகள் இருக்கிறார்கள். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தோர், குடாநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்டோர், 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். தம் காணிக்குத் திரும்ப முடியாதோர் இன்னமும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்தும், வாய்க்கால் தண்ணீருக்கும் வீட்டுத்திட்டப் பட்டியலுக்கும் சண்டை வரும்போதுதான் நாம் ஒருவரையொருவர் சந்திக்கிறோம்.

ஐயாயிரம் கிலோமீற்றர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை, பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு பெரியவர், அடுத்த குடியிருப்புவரை போதும். ஒவ்வொரு கரியரிலும் ஒரு சிறு பை விதை இருக்கட்டும்: பயறோ, குரக்கனோ, கத்தரியோ. அங்கே கொடுத்து, அவர்களுடையதை வாங்கி வாருங்கள். ஒரு பம்மும், ரியூப் ஒட்டும் சாமானும் போதும். மெதுவாக ஓடுபவரை முன்னே விடுங்கள். பலமுள்ளவர் கடைசியில் வரட்டும். அப்போதுதான் ஒருவரும் பின்தங்கிப் போகமாட்டார்கள்.

போய்ச் சேர்ந்த வீட்டில் தேத்தண்ணீர் குடியுங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் காணியை விட்டு வந்தார்கள் என்று கேளுங்கள். அதே கதை உங்களிடமும் இருக்கிறது. காணிக்காக மனு எழுதும் நாளில், தனித்தனியே நின்ற இரண்டு ஊர்கள் ஒரே தாளில் கையொப்பமிட அது வழியாகலாம்.

அன்று இந்த வீதிகளில் எங்களைத் துரத்தினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் தாமாகவே விரும்பி அவற்றில் போகட்டும், மாலையில் வீடு திரும்பட்டும்.