பழைய படகின் புது வாழ்வு

காற்றையே நம்பிக் கடல் கடக்கும் காலம் முடிந்துவிட்டதென்று எண்ணுகிறோம். ஆயினும் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, பிரான்ஸ் தேசத்துத் துறைமுகமொன்றிலிருந்து பதினாறு பேர், ஆளுக்கொரு பாய்ப்படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டனர். கோல்டன் குளோப் என்னும் அப்பந்தயத்தின் விதிகள் விசித்திரமானவை. படகு 1988-க்கு முன் வகுக்கப்பட்ட அமைப்புடையதாய் இருக்க வேண்டும். எக்கரையிலும் நிற்கலாகாது. திசையறிய நட்சத்திரமும் செக்ஸ்டன்டு கருவியுமே துணை!

அவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். கடற்படையில் கமாண்டராயிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி அவர். 2018-ல் இதே பந்தயத்தில், இந்து மகாசமுத்திரப் புயலில், அவருடைய மரப்படகின் பாய்மரங்கள் முறிந்தன, முதுகெலும்பும் முறிந்தது. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது. முதுகில் டைட்டேனியம் தண்டுகளைப் பொருத்தினார்கள் வைத்தியர்கள்.

அத்தகையவர் மறுபடியும் நம்பி ஏறியது 'பயானத்' என்னும் படகு. ரஸ்ட்லர் 36 என்னும் ஆங்கிலேய வகையைச் சேர்ந்தது. கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்காய் இறுக்கிச் செய்த பைபர் கிளாஸ் உடல். இதில் என்ன விசேஷம்? படகின் அடியில் முன்னிருந்து பின்வரை நீண்டோடும் கனத்த ஏரா. அதன் முடிவில் ஒட்டினாற்போல் சுக்கான். வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் அலை சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். 2018 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் இவ்வகைப் படகுகளே பெற்றன.

பைபர் கிளாஸ் உடல் பல பத்தாண்டுகள் உழைக்கும், மற்றவை உழைக்கமாட்டா. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகள் கண்ணுக்குத் தெரியாமலே சோர்ந்து போகும். மேல்தளத்து ஆணித் துளைகளில் நீர் கசியும். ஆகவே பழைய படகைப் புதுப்பிப்போர் உடலை விட்டுவிட்டுக் கயிறு, பாய், மின்கம்பி, இயந்திரம் ஆகியவற்றை மாற்றுகிறார்கள். சூரிய ஒளியில் மின்சாரம் தரும் பலகைகளையும் பொருத்துகிறார்கள். வர்ணம் பூசுவது கடைசி வேலை. கயிற்றைப் பாராமல் வர்ணத்தைப் பார்த்துப் படகு வாங்கினவர் நடுக்கடலில் வருந்துவார்.

புதுப்பித்த பின்னும் சோதனை ஓய்வதில்லை. காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கான் பிடிக்கும் கருவி வழியில் உடைந்தபோது, டோமி கழிவறைக் கதவை அறுத்து அதற்கு உறுப்புச் செய்து பொருத்தினார்!

236 நாட்களுக்குப் பின், 2023 ஏப்ரல் 29-ந் தேதி, அவர் கரை சேர்ந்து இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷாஃபருக்கு. நில்லாமல் சுற்றி முடித்தோர் மொத்தம் மூவரே.

பழமை என்பதாலேயே ஒன்றைப் போற்றவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். உறுதியான அடிப்படையைக் காத்து, தளர்ந்ததை மட்டும் மாற்றத் தெரிந்தால் போதும். படகுக்கு மட்டுமா இது பொருந்தும்?