இழுவைக் காற்றழுத்தி

இழுவைக் காற்றழுத்தி என்பது டீசல் எஞ்சினும் காற்றை அழுத்தும் பொறியும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு, வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் இயந்திரம் ஆகும். பேச்சு வழக்கில் இது கம்ப்ரசர் வண்டி எனப்படுகிறது. சாலையை உடைத்தல், பாறையைத் துளையிடுதல், ஆழ்துளைக் கிணறுகளைத் தூர்வாருதல் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் இவற்றைத் தயாரிக்கும் இந்திய நிறுவனங்களுள் ஒன்று.

சென்னையில் பயன்பாடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் வீடுகளும் அடுக்ககங்களும் குழாய் நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பியுள்ளன. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்ட 2019ஆம் ஆண்டுக் கோடையில் இச்சார்பு வெளிப்படையாகத் தெரிந்தது. கிணற்றில் மணலும் வண்டலும் சேர்ந்து நீர்வரத்து குறையும்போது கம்ப்ரசர் வண்டி வரவழைக்கப்படுகிறது. கிணற்றுக்குள் இறக்கிய குழாயின் வழியே செலுத்தப்படும் காற்று, நீரையும் வண்டலையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. இதனைப் போர் பிளஷிங் என்பர்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. ஆகவே 7 பார் அழுத்தம் தரும் வண்டியின் குழாயை நீர்மட்டத்திலிருந்து 70 மீட்டருக்குக் கீழே இறக்கினால் காற்று வெளிவராது. இதை இயந்திரத்தின் பழுதாகக் கருதிப் பிரிக்கத் தொடங்குவது வீண் வேலை. குழாயைச் சில மீட்டர் உயர்த்திப் பார்ப்பதே போதுமானது.

செயல்படும் முறை

பழைய வண்டிகள் சிலவற்றில் உந்துதண்டு வகைப் பொறி உண்டு. எனினும் பெரும்பாலானவை திருகு வகையைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு திருகுகளுக்கு 1878இல் செருமனியில் ஐன்ரிச் கிரிகார் காப்புரிமை பெற்றார். 1930களில் சுவீடனின் ஆல்ஃப் லிசோம் அதனை நடைமுறைக்கு உகந்ததாக்கினார். திருகுகளிடையே தெளிக்கப்படும் எண்ணெய், இடைவெளியை அடைத்து வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. பின்னர் காற்றும் எண்ணெயும் கலந்து தொட்டிக்குச் செல்ல, அங்குள்ள பிரிப்பான் எண்ணெயைத் தடுத்துக் காற்றை மட்டும் வெளியே விடுகிறது. பல வண்டிகளில் தனி எண்ணெய்ப் பம்பு கிடையாது. தொட்டியின் அழுத்தமே எண்ணெயைச் சுற்றிவரச் செய்கிறது.

பழுது கண்டறிதல்

எஞ்சினை நிறுத்தியவுடன் எதையும் கழற்றக்கூடாது. தொட்டியின் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். பழைய வண்டிகளில் அழுத்தமானியின் முள் சிக்கி நிற்பதுண்டு என்பதால், முள் பூச்சியத்தில் இருந்தாலும் வெளியேற்று வால்வைக் கையால் திறந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அழுத்தத்துடன் மூடியைத் திறந்தால் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

அழுத்தம் குறைந்தால் முதலில் வெளிக்குழாய் வால்வுகள் அனைத்தையும் மூடிப் பார்க்க வேண்டும். அழுத்தம் உரிய அளவுக்கு ஏறி எஞ்சின் வேகம் தணிந்தால் பொறி பெரும்பாலும் நலமே. கசிவையும் தேவையையும்தான் ஆராய வேண்டும். ஏறாவிட்டால் காற்று வடிகட்டி, உள்ளிழு வால்வு, அதனைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய்கள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

மிகை வெப்பத்துக்குப் பெரும்பாலும் எண்ணெய்க் குளிர்விப்பானில் படிந்த தூசியே காரணம். சில பழைய வண்டிகளில், மிகை வெப்பத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சு ஒரு கம்பித் துண்டால் இணைக்கப்பட்டுச் செயலிழந்திருக்கும். இதனை முதலில் நீக்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் ஆவி தீப்பற்றாமல் காக்கும் முதன்மையான தடை அது.

காற்றில் எண்ணெய் கலத்தல்

கிணற்றைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான பழுது. காற்றோடு செல்லும் எண்ணெய் மக்கள் பயன்படுத்தும் நீரில் படலமாகப் படிந்துவிடும். பிரிப்பான் விலை மிகுந்தது. ஆயினும் பலர் அதைத்தான் முதலில் மாற்றுகின்றனர். எளிய காரணங்கள் வேறு உள்ளன. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். தெருவோரச் சரிவில் வண்டி சாய்ந்து நிற்கலாம். பிரிப்பானின் அடியில் தேங்கும் எண்ணெயைத் திருப்பியனுப்பும் மெல்லிய குழாய் அடைத்திருக்கலாம். அதன் துளை சில மில்லிமீட்டர் அளவே என்பதால் சிறு துகளும் போதும். தொட்டியில் குறைந்தபட்ச அழுத்தத்தைக் காக்கும் வால்வு தளர்ந்தால் காற்று மிகு வேகத்தில் பாய்ந்து எண்ணெயை அள்ளிச் செல்லும். இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே பிரிப்பான் கிழிந்திருப்பதாகக் கொள்ளலாம்.

குழாயைக் கிணற்றில் இறக்குமுன், வால்வைச் சிறிதளவு மட்டும் திறந்து, குச்சியில் கட்டிய வெள்ளைத் துணியைக் காற்றில் சில நிமிடங்கள் காட்டினால் எண்ணெய்க் கறை தெரிந்துவிடும். கையால் பிடிக்கக்கூடாது, அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உட்புகக்கூடியது. நல்ல பிரிப்பானும் மிகச் சிறிதளவு எண்ணெயைக் கடத்தும் என்பதால், தூர்வாரிய கிணற்றின் நீரை நெடுநேரம் இறைத்து வெளியேற்றிய பின்னரே தொட்டியில் ஏற்ற வேண்டும்.