நடுங்கும் விரல்களும் ஓயா நரம்பணுக்களும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் வலை சீர்செய்வதும் பனையோலை முடைவதும் விரல்களை நம்பிய தொழில்கள். அவ்விரல்கள் நடுங்கத் தொடங்கின், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுவதே நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் தீங்கானது என்பது நம் கருத்து. மடியில் ஓய்ந்திருக்கும் கை நடுங்கி, ஓலையை எடுத்தவுடன் அந்நடுக்கம் தணிகிறதா? அசைவுகள் மந்தமாகி, உடலும் விறைக்கிறதா? ஆயின் அது வெறும் முதுமையன்று. 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதமாக இருக்கலாம்.

இந்நோயின் களம் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதி. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரந்து உடலசைவைச் சீர்செய்கின்றன. இவை ஏவலுக்குக் காத்திருப்பவை அல்ல. இரவும் பகலும் தாமே துடிப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் அணுவினுள் கால்சியம் புகுகிறது. அதை வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. ஓர் அணுவின் கிளைகளோ இலட்சக்கணக்கான முனைகளாய்ப் பரந்தவை. சில அணுக்கள் மடிந்தால் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்கின்றன. அதனாலேயே ஏறத்தாழப் பாதி அணுக்கள் அழியும்வரை கையில் குறி தோன்றுவதில்லை. அந்த மிகையுழைப்பே எஞ்சியவற்றையும் அழிக்கிறதோ என்பது அறிஞர்தம் ஐயம். 2025இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சுண்டெலிகளின் இவ்வணுக்களை மருந்தால் இடைவிடாது தூண்டினர். ஒரு வாரத்தில் நரம்பிழைகள் சிதைந்தன. ஒரு மாதத்தில் அணுக்களே மடியத் தொடங்கின. சுண்டெலியிற் கண்டது மனிதர்க்கும் பொருந்துமா என்பது இனி மெய்ப்பிக்கப்பட வேண்டுவது.

இந்நோயின் மருந்து வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1937இல் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அது மூளையை அடைந்து டோபமினாக மாறுவது. நோயாளர் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை வியன்னா அறிஞர் 1960இல் கண்டனர்; அப்பத்தாண்டிலேயே லெவோடோபா மருந்தாயிற்று. இன்றும் தலையாய மருந்து அதுவே. எனினும் அது குறையை நிரப்புமேயன்றி அணுக்களின் அழிவைத் தடுப்பதில்லை. அளவறியாமல் விதைப்பொடி உண்பது ஆபத்து.

மீனும் இறைச்சியும் போன்ற புரதவுணவோடு உண்டால் இம்மருந்து உடலிற் சேர்வது குறையும். ஆதலின் உணவுக்குச் சற்று முன்னரே உண்ணுமாறு மருத்துவர் கூறுவர். நோன்பு நாட்களில் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடும் பெரியவர்களும் இருக்கக்கூடும். திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஊறு செய்யலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.